தோட்டவெளிக்குப் போன படகு

மன்னார்த் தீவைப் பார்க்கப் போகிறவர்கள் பள்ளிமுனையிலுள்ள பெருக்க மரத்தையும், போர்த்துக்கேயர் 1560 இல் கட்டிய கோட்டையையும், நடுவீதியில் கவலையற்று நிற்கும் கழுதைகளையும் கண்டுவிட்டு, தலைமன்னார் இறங்குதுறை வரையிற் சென்று திரும்புவது வழக்கம். நாமும் முன்பு அவ்வாறே செய்திருக்கிறோம். சென்ற மாசி மாதத்துப் பிரயாணம் வேறு வகையானது.

தோட்டவெளியில் வாழும் எம் மைத்துனர், பெருநிலத்திலே வங்காலையில் ஒரு கண்ணாடிநார்ப் படகை விலை பேசி முடித்திருந்தார். மனைவியின் நகைகளில் தாலிக்கொடி ஒன்று நீங்கலாக மற்றவையெல்லாம் அடகுக்குப் போய்த்தான் அந்த விலை நிறைவேறியது. படகின் இயந்திரம் திருத்துவதற்காகக் கழற்றப்பட்டிருந்தமையால் கடல்வழியே கொண்டுவர இயலவில்லை. இரண்டு சக்கரப் பெட்டியொன்றில் ஏற்றித் தரைவழியே இழுத்து வரவேண்டும். "அத்தான், நீங்களும் உங்கள் ஜீப்பில் வந்தால் துணையாயிருக்கும்" என்று சொல்லியனுப்பினார். துணைக்கென்றுதான் அழைத்தார், இழுப்பதற்கு அவரிடமே ஒரு ஜீப் இருந்தது.

இரண்டு ஜீப்புகளும் பின்னே கொளுக்கி உடையவை. எமது வண்டி தொழிற்சாலையிலிருந்தே கொளுக்கியோடு வந்தது. அவருடையது ஜப்பானில் ஓடித் தேய்ந்த பின் இங்கு வந்து சேர்ந்த பழைய வண்டி. கொளுக்கியைப் பட்டறையொன்றிற் செய்வித்திருந்தார். அந்த ஒரு பொருளுக்காக நாம் மேலதிகமாகக் கொடுத்த தொகையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எம் காதில் ஒலிக்கின்றது. "இரும்பு இரும்புதானே அத்தான்! பத்திலொரு பங்கு காசுக்கு நான் செய்வித்தேன்" என்றார். அவர் கூற்றை மறுக்க அன்று எம்மிடம் நியாயம் ஒன்றும் இருக்கவில்லை.

வங்காலைக் கரையிற் படகை ஏற்றும் வேலையை மாமா ஏற்றுக்கொண்டார். எண்பதை எட்டும் வயது அவருக்கு. கடற்றொழிலுக்கு வருமுன் இளமையில் மாட்டு வண்டில் ஓட்டியவர். "முன்பாரமோ பின்பாரமோ என்று முதலில் பாருங்கோ மருமகன்" என்றார். வண்டிலிற் பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் சுமை முழுவதும் அதன் பிடரியில் அழுத்தும். இது மாட்டுக்கு மட்டும் உரிய சாத்திரம் அன்று. பெட்டியின் அச்சுக்குப் பின்னே பாரம் மிகுந்தால், வேகம் ஏறியதும் பெட்டி நாய்வாலைப் போல ஆடத் தொடங்கி, முன்னே செல்லும் வாகனத்தையும் வீதியை விட்டு இழுத்துச் சென்றுவிடும். முன்பாரம் அளவு மீறினாலோ ஜீப்பின் முன் சக்கரங்கள் நிலத்தைச் சரியாகப் பற்றமாட்டா. ஆயிரம் கிலோ பெட்டிக்கு நூறு கிலோவும் சற்று மேலும் கொளுக்கியின் மீது அமரவேண்டும் என்பது அமெரிக்கர் கணக்கு. ஐரோப்பியர் இதனிலும் குறைவாகக் கொள்வர். மாமாவிடம் தராசு இல்லை. ஏர்க்காலைத் தூக்குவது போலப் பெட்டியின் முன்தண்டை ஒருமுறை தூக்கிப் பார்த்தார், படகை ஒரு சாண் முன்னே தள்ளச் சொன்னார், மறுபடி தூக்கினார், தலையசைத்தார்.

புறப்படுகையில் மாலை மங்கிவிட்டது. முன்னே மைத்துனரின் ஜீப்பும் படகும், பின்னே நாம். வங்காலைப் பறவைகள் சரணாலயத்தின் நீர்ப்பரப்பிற் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நின்றதைக் குழந்தைகளுக்குக் காட்டிக்கொண்டு வந்தோம். தள்ளாடியை நெருங்கும்போது பெட்டியின் சிவப்பு விளக்குகள் பட்டென அணைந்தன. அவற்றோடு ஜீப்பின் பின்விளக்குகளும் அணைந்தன. இருளில் அந்தப் படகு எம் கண்ணுக்கே தெரியவில்லை. ஒலி எழுப்பி நிறுத்தினோம்.

காரணம் எளிதிற் புலப்பட்டது. ஜீப்பின் பின்விளக்குக் கம்பிகளை உரித்து, அவற்றோடு பெட்டியின் கம்பிகளை முறுக்கிவிட்டிருந்தது பட்டறை. இரு விளக்குகளுக்கென அமைந்த கம்பி நான்கு விளக்குகளைச் சுமந்து சுமந்து பியூஸ் போயிற்று. கம்பி எங்கே செல்கின்றது என்று பார்ப்பதற்காக மைத்துனரின் மகன் கைவிளக்கோடு வண்டிக்கடியிற் புகுந்தான். சிறிது நேரம் அங்கிருந்து பேச்சில்லை.

"அப்பா, இங்கே வெடிச்சிருக்கு."

நாமும் மணலிற் படுத்துப் பார்த்தோம். கொளுக்கி தாங்கிய இரும்புத் தண்டை ஜீப்பின் அடிச்சட்டத்தோடு வெல்டிங் செய்து ஒட்டியிருந்தார்கள். போல்ட் ஒன்றுகூட இல்லை. அந்த ஒட்டு பாதிக்கு மேற் பிளந்திருந்தது. பிளவின் உள்ளே துரு படிந்திருந்தமையால் அது அன்று உண்டான வெடிப்பன்று. தண்டு கழன்றாலும் பெட்டி ஓடிவிடாதிருக்கக் கட்டும் காவற் சங்கிலியோ, அதே தண்டிலேயே மாட்டப்பட்டிருந்தது. சிறிது தூரத்திற் பாலமும் அதனோடு சேர்ந்த தாம்போதியும், மூன்று கிலோமீற்றருக்கு இருமருங்கும் கடல், எதிரே பேருந்துகள். மைத்துனர் ஒன்றும் சொல்லாமல் படகின் மேற் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

படகை எமது ஜீப்பில் மாட்டினோம். மாட்டும்போது மற்றொரு குறையும் தெரிந்தது. பெட்டியின் வாய் 50 மில்லிமீற்றர் உருண்டைக்கென வார்க்கப்பட்டது. அந்த எண் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருந்தது. மைத்துனரின் உருண்டையோ ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம், அதாவது 48 மில்லிமீற்றரிலும் சற்றுக் குறைவு. கண்ணுக்கு வித்தியாசம் தோன்றாது. பெரிய பள்ளத்தில் விழுந்தெழுந்தால் வாய் உருண்டையை விட்டுத் துள்ளிவிடக்கூடும்.

எமக்குப் பெருமை பொங்கியதென்று சொல்ல வேண்டியதில்லை. அது வெகு நேரம் நிலைக்கவில்லை. எம் ஜீப்பின் மின்வாய் ஐரோப்பிய முறைப்படி பதின்மூன்று துளை உடையது; பெட்டியின் செருகியிலோ ஏழு முனைகளே இருந்தன. இடையே பொருத்தும் சிறு துண்டு நூறு மைல் சுற்றளவில் எவரிடமும் இராது. விலையுயர்ந்த கொளுக்கி இருந்தும் படகு இருளிலேயே போகவேண்டியதாயிற்று. பழைய கம்பிகளை அறுத்துப் புதுப் பியூஸ் போட்டதும் மைத்துனரின் விளக்குகள் எரிந்தன. அவர் பின்னே நெருங்கி வந்து தம் முன்விளக்குகளாற் படகுக்கு ஒளி தந்தார்.

போர்க்காலத்தில் உடைக்கப்பட்ட பழைய பாலத்துக்குப் பதிலாக ஜப்பானிய உதவியுடன் அமைத்து 2010 இல் திறந்த பாலம் அது. அதைக் கடக்கையில், நாம் கொடுத்த பணம் எதற்கென்று முதன்முறையாக விளங்கியது. கொளுக்கி அதிற் சிறு பங்குதான். அடிச்சட்டத்தில் அதற்கென்றே துளையும் உறுதியும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கியர்ப் பெட்டியின் எண்ணெய் பாரத்திற் கொதிக்காதிருக்கத் தனியே ஒரு குளிர்விப்பான் உண்டு. மின்செருகி பொருந்தியிருந்தால், பெட்டி ஆடத் தொடங்கும்போது அதை உணர்ந்து, சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்து ஆட்டத்தை அடக்கும் ஏற்பாடும் விழித்துக்கொள்ளும். 1948 இல் லாண்ட்ரோவர் முதன்முதல் வெளிவந்தபோதே அதை உழவர் வேலைக்கும் இழுப்பதற்கும் உரிய வண்டியாகத்தான் கருதினார்கள். இழுப்பதென்பது வண்டியின் வாலில் ஒட்டும் வேலையன்று. வண்டி முழுவதும் அதிற் பங்குகொள்கின்றது.

தோட்டவெளி புகையிரத நிலையம் தாண்டி வீட்டையடைய இரவு எட்டு மணி. 1990 இல் நின்றுபோய் 2015 இல் மீண்டும் தலைமன்னார் வரை ஓடத் தொடங்கிய புகையிரதம் இந்தச் சிறு நிலையத்திலும் நிற்கின்றது. 1544 இல் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்ட மன்னார்க் கத்தோலிக்கரின் நினைவைத் தாங்கும் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயமும் இவ்வூரில்தான் உள்ளது. பனைகளும் வெண்மணலுமாக அமைதியான ஊர். மைத்துனரின் மனைவி படகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வேறொன்றும் கேளாமல் எங்களுக்குச் சோறு போட்டார்.

மறுநாட் காலை கரைக்குக் கொண்டுபோகையில் எம் ஜீப்புக்கும் பாடம் கிடைத்தது. தொழிற்சாலைக் கொளுக்கி தார் வீதிக்கென்று தாழ அமைந்தது. மணல் மேட்டிலிருந்து இறங்கும்போது அது ஏர் போல உழுதுகொண்டு போய்ப் புதைந்தது. பின் சக்கரங்களும் புதைந்தன. மைத்துனரின் ஜீப்பைப் பூட்டிய பட்டறைக்காரர் தண்டை உயர்த்தி வைத்திருந்ததன் புத்தி அப்போதுதான் எமக்குத் தெரிந்தது. அவருக்கு இவ்வூர் மணல் தெரிந்திருந்தது. ஒட்டு வேலைதான் கைவிட்டது.

பெட்டியைக் கழற்றிவிட்டு, எம் ஜீப்பை இழுத்தெடுக்க உழவு இயந்திரம் ஒன்றை அழைத்தோம். மைத்துனர் கயிற்றை எம் கொளுக்கி உருண்டையிற் சுற்றப் போனார். உழவு இயந்திரக்காரத் தம்பி பாய்ந்து வந்து, "அதிலே போடாதீங்கோ!" என்று தடுத்தான். உருண்டை சீராக இழுப்பதைத் தாங்கும். புதைந்த வண்டியை வெட்டியிழுக்கும் விசையிற் கழுத்தோடு முறியக்கூடும். முறிந்தால், இழுபட்ட கயிறு அதைத் துப்பாக்கிக் குண்டாக எறியும். அவுஸ்திரேலியாவில் இவ்விதம் உயிர்கள் போயிருக்கின்றன. அடிச்சட்டத்தில் போல்ட் போட்டிறுக்கிய வளையத்திற் கயிற்றை மாட்டிய பின்பே அவன் இயந்திரத்தை நகர்த்தினான். குழந்தைகளைத் தூரத்தில் நிற்கச் செய்தவனும் அவனே.

அன்று மாலை திண்ணையில் மைத்துனர் கேட்டார்: "அப்படியானால் நான் வேறு ஜீப்பா வாங்க வேண்டும் அத்தான்?" வேண்டியதில்லை என்பதே எம் அபிப்பிராயம். கொழும்புக்கோ மலைநாட்டுக்கோ கனத்த பெட்டியை இழுத்துப் போகிறவருக்குத் தொழிற்சாலை ஏற்பாட்டின் குளிர்விப்பானும் மற்றவையும் வீண்செலவாகா. கடலின் குணம் மாறும்போது ஆண்டில் நாலைந்து முறை ஒரு படகை இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கொண்டுபோகும் மனிதருக்கு, அந்த வண்டி இனத்துக்கென்றே செய்து விற்கும் வெளிக் கொளுக்கி போதும். அடிச்சட்டத்திலுள்ள துளைகளிலேயே போல்ட் பூட்டுவதாக இருக்கவேண்டும். எத்தனை கிலோ இழுக்கும், உருண்டை மேல் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்த தகடு அதில் இருக்கவேண்டும். விளக்குகளுக்குத் தனிக் கம்பியும் தனிப் பியூஸும் வேண்டும். சங்கிலி அடிச்சட்டத்தில் மாட்டப்படவேண்டும். உப்புநீர் பட்ட நாளில் எல்லாவற்றையும் நன்னீராற் கழுவவேண்டும். ஓடிச் சூடேறிய சக்கரத்தை உடனே கடலில் இறக்கினால், உள்ளே காற்றுக் குளிர்ந்து சுருங்கி நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை மைத்துனரே எமக்குச் சொன்னார். முன்பு ஒரு பெட்டியின் பேரிங்கை அப்படித்தான் இழந்தாராம்.

பங்குனியில் அவ்வாறான கொளுக்கி ஒன்று வந்து சேர்ந்தது. சுமார் அரை நாளிற் பூட்டி முடித்தார்கள். விலை பட்டறைக் கூலியிலும் மூன்று மடங்கு; எம்முடையதிற் பாதிகூட இல்லை. படகு இப்போது கடலில் ஓடுகின்றது. பழைய தண்டை மாமா எறிய விடவில்லை. முற்றத்து மணலில் அதை முழங்கையளவு ஆழம் புதைத்து ஆட்டுக்குட்டியைக் கட்டியிருக்கிறார். "இந்தப் பாரத்துக்கு இது தாங்கும் மருமகன்" என்றார்.