ஒரு வெள்ளி கிளினிக்

சித்தப்பாவைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கூட்டிப் போகலாம் என்று நான் சொன்னதற்கு, சித்தி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அது தூரமே இல்லை, காரில் அரை மணி நேரம்தான். ஆனால் 1911-இல் அங்கே மனநல மருத்துவமனை வந்ததிலிருந்து அந்த ஊர்ப்பெயரே நம் வீடுகளில் வசவாகிவிட்டது. "எம் வீட்டுக்காரரு குடிப்பாரு, பைத்தியம் இல்ல" என்றார் சித்தி.

பிறகு நாங்களே வைத்தியம் பார்த்தோம். சம்சு போத்தலை ஒளித்துவிட்டு, அவரை அறையில் வைத்துப் பூட்டினோம். இரண்டாம் நாள் கை நடுங்கி வலிப்பு வந்துவிட்டது. பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் பட்டதாரி வேறு. மருத்துவமனையில் ஐந்து நாள் கிடந்து பிழைத்தார்.

வழி பிறந்தது அவருடைய இனிப்பு நீரால். மருந்து வாங்க அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி உட்கார்ந்திருந்தவரிடம், மருத்துவ உதவியாளர் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கேட்டார்: தினமும் எவ்வளவு குடிப்பீர்கள், தூக்கம் வருகிறதா? அதட்டலே இல்லை. மலாயில்தான் கேட்டார். சித்தப்பா தமிழில் அழுதார்.

மனச்சோர்வுக்கும் இப்போது அங்கேயே மாத்திரை. வரிசையில் யார் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. பஸ்தான் பிரச்சினை. மோட்டாரில் ஏற்றிப்போக ஆள் கிடைக்காமல் இரண்டு தவணை தவறி, இரண்டு முறையும் மறுபடி குடித்தார். சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அவர் கைப்பேசியில் பதிந்து கொடுத்திருக்கிறேன்.

எங்கே போகிறார் என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "இனிப்பு நீருக்கு" என்பார் சித்தி. நான் திருத்துவதில்லை.