விழிஞத்துக் கரையில் ஒரு மாலை

திருவனந்தபுரத்தில் குடியேறிய நம்மவருள் சங்குமுகத்து மணலில் காற்று வாங்காதவர் இரார். கோவளத்துக்குத் தெற்கே சற்றுத் தொலைவிலுள்ள விழிஞத்தைக் கண்டவரோ சிலரே. சென்ற ஞாயிறன்று கிழக்கே கோட்டையில் பஸ் ஏறினேன். பாறையில் குடைந்த சிறு கோயிலைத் தரிசிப்பதே நோக்கம். அது முடிந்ததும் கால்கள் தாமே கடற்கரைக்கு இறங்கின. மாதா கோயில், பள்ளிவாசல், தொலைவில் புதிய துறைமுகத்தின் பெரும் பாரந்தூக்கிகள், இவற்றினிடையே மீனவர் வள்ளங்கள்.

நால்வர் ஒரு வள்ளத்தை இரவுத் தொழிலுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தனர். உயிர்காப்பு மேலங்கிகள் நான்கும் இருக்கை மெத்தையாகக் கிடந்தன. வினவினேன்.

"தூண்டில் இழுக்கிற கைக்கு அது தடை சாரே" என்று நகைத்தார் இளையவர் ஒருவர். முதியவர் நகைக்கவில்லை.

2017இல் வந்த ஒக்கிப் புயலை நாம் மறந்திரோம். அப்பெயர் வங்காளதேசத்தார் இட்டது; கண் என்பது பொருளாம். நவம்பர் 30ஆம் நாள் அது புயலென அறிவிக்கப்பட்டபோது பூந்துறை, விழிஞம் வள்ளங்கள் பல முன்னமே ஆழ்கடலில் இருந்தன. கரையை விட்டு வெகுதூரம் போனபின் கைத்தொலைபேசி பயன்படாது. பழைய கட்டுமரம் புரண்டாலும் மரமாகவே மிதக்கும். இயந்திரம் பூட்டிய வள்ளம் கவிழ்ந்தால் இயந்திரத்தின் பாரம் பின்புறத்தைக் கீழே இழுக்கும்.

ஆதலால் அம்முதியவர் விளிம்பு நெடுகக் கயிறு ஓட்டியிருந்தார், கவிழ்ந்தால் பற்றிக்கொள்ள. மூடி இறுக்கிய காலிக் கேன்களும் கட்டப்பட்டிருந்தன. கம்பியில்லாப் பேசுகருவி ஒன்றை உறையிலிருந்து எடுத்து, ஆபத்துக்குரிய 16ஆம் அலைவரிசையில் தம் வள்ளத்தின் பெயரையும் இருக்குமிடத்தையும் எவ்வாறு சொல்லவேண்டுமென்று இளைஞரை மும்முறை சொல்ல வைத்தார். மூன்றாம் முறையும் அவர் ஆட்தொகையை விட்டுவிட்டார். முதியவர் விடவில்லை, நான்காம் முறை சொல்ல வைத்தார். கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண் வள்ளத்தின் உட்புறத்திலேயே சாயத்தால் எழுதப்பட்டிருந்தது. அதைக் கரையிலிருப்பவர் அழைக்கலாமே, வீட்டுச் சுவரில் அன்றோ எழுதவேண்டும் என்றேன். "அங்கேயும் உண்டு" என்றார்.

ரயில்வேயில் எழுதுவினைஞனாகிய எனக்கு வேறொன்று மனத்தில் தைத்தது. எங்கள் நிலையத்தில் ஒரு சரக்கு வண்டிகூடப் பதிவேட்டில் ஏறாமல் புறப்படாது. ஒக்கியின்போதோ கடலில் இருந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறிற்று. அவர்களைத் தேடவேண்டிய கடற்பரப்போ சிறிதன்று. இதைச் சொன்னதும் முதியவர் மணல்மேட்டைச் சுட்டினார். அங்கே அவர் பேத்தி, பள்ளிச் சிறுமி, மடியில் நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருந்தாள். நால்வர் பெயர், புறப்படும் நேரம், போகும் திசை, எண்ணெயின் அளவு, திரும்பவேண்டிய வேளை யாவும் அதில் இருந்தன. திரும்பாவிடில் எத்தனை மணிக்கு யாரிடம் சொல்வதென்பது சிவப்பு மையில்.

வள்ளம் அலையில் இறங்கிற்று. இளையவர் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தான் மட்டும் போடவில்லை. சிறுமி எழுந்து நின்று, "மாமா, பொத்தான்!" என்று கூவினாள். அவர் போட்டபின்பே புத்தகத்தில் நேரத்தைக் குறித்தாள்: மாலை 5.40.