எந்த ஊரில் குடியேறுவது?

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பிள்ளை குட்டிகளோடு வீடு தேடுவோர், வாடகையைக் கேட்பதற்கு முன் "எந்தக் கல்வி மாவட்டம்?" என்றே கேட்பர். நம் நாட்டு வாசகர்களுக்கு இச்சொல் மயக்கம் தரலாம். இங்கே கல்வி மாவட்டம் என்பது பெரும்பாலும் ஓர் ஊரின் எல்லைதான். இச்சிறு மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 600 மாவட்டங்கள் உள்ளன. பள்ளிச் செலவின் பெரும்பகுதி அவ்வூர் வீடுகளின் சொத்து வரியிலிருந்து கிடைக்கிறது. குடியிருக்கும் ஊர் எதுவோ, அவ்வூர் அரசுப் பள்ளியே பிள்ளைக்கும் பள்ளி.

எங்கள் இளைய மகனுக்கு அப்போது ஏழு வயது. மக்தபில் உஸ்தாத் ஓதிக் காட்டும் சூராவை இரண்டு முறை கேட்டால் மனனம் செய்துவிடுவான். அதே சூராவை விரல் வைத்துப் பார்த்து ஓதச் சொன்னால் திணறுவான். ஆங்கிலத்திலும் அதே நிலைதான். பள்ளியில் சோதித்தவர்கள் இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் கூறினர். அறிவுக் குறைவன்று, எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் உள்ள இடர்ப்பாடு என்று விளக்கினர். அவ்வேளையில்தான் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஒப்பந்தமும் முடிவடைந்தது.

"மச்சான், தரவரிசையில் முதல் பத்துக்குள் இருக்கிற ஊராகப் பாருங்கள். கடன் வாங்கியாவது அங்கே போய்விடுங்கள்" என்றார் என் மைத்துனர். வட்டிக் கடனில் வீடு வாங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை, வாடகை வீடுதான். அது ஒருபுறமிருக்க, அந்தத் தரவரிசை பெரிதும் தேர்வு மதிப்பெண்களின் சராசரியைக் கொண்டு அமைவது. படிக்கத் திணறும் ஒரு பிள்ளையைப் பள்ளி எப்படி நடத்துகிறது என்பதைச் சராசரி எவ்வாறு சொல்லும்?

சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றே. 1975-இல் இயற்றப்பட்டு 1990-இல் புதுப்பெயர் பெற்ற கூட்டரசுச் சட்டம், குறைபாட்டால் தனிக்கல்வி தேவைப்படும் பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வியைக் கட்டணமின்றி, இயன்றவரை ஏனைய பிள்ளைகளோடு சேர்த்தே தர வேண்டும் என்கிறது. அதற்கென ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐ.இ.பி. எனும் தனிக் கல்வித் திட்டம் எழுதப்படும். அத்திட்டம் பிள்ளையின் நிலைக்கேற்ற முன்னேற்றத்தைத் தரும் வகையில் அமைய வேண்டும் என 2017-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆயினும் சட்டத்தை நிறைவேற்றுவோர் ஊருக்கு ஊர் வேறல்லவா?

ஆகவே நானும் என் மனைவியும் நான்கு ஊர்களின் தனிக்கல்விப் பிரிவுகளைத் தொலைபேசியில் அழைத்தோம். வாசிப்பைக் கற்பிக்க எந்த முறையைக் கையாளுகிறீர்கள், அதில் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர், ஒரு குழுவில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பாட வேளையில் அவனை வெளியே அழைத்துச் செல்வீர்கள் என்று கேட்டோம். பட்டியலில் உயரத்தில் நின்ற ஊரில் கிடைத்த விடை, "முதலில் வந்து சேருங்கள், பிறகு பார்ப்போம்" என்பது. நடுத்தர இடத்திலிருந்த ஓர் ஊரிலோ, ஒலி, வடிவம், தொடுகை மூன்றையும் இணைத்துப் படிப்படியாகக் கற்பிக்கும் ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையில் பயின்ற ஆசிரியைகள் இருவர் இருப்பதையும், குழுவுக்கு மூன்று பிள்ளைகளே என்பதையும் பொறுமையாகக் கூறினர். விளையாட்டு வேளையை மட்டும் எடுத்துக்கொள்வதில்லையாம். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இம்மாநிலத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிக்கல்விக்கான பெற்றோர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்பது விதி. அவ்வூர்க் குழுவின் கூட்டத்திற்கு என் மனைவி சென்று வந்தார். அங்கே ஒரு தாய் கூறிய அறிவுரையை வெளிநாடு வரும் நம் குடும்பங்களும் குறித்துக்கொள்ளலாம்: எதையும் வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். பிள்ளையைச் சோதிக்குமாறு எழுத்தில் கோரினால், பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக 20 நாட்களுக்குள் பள்ளி கூட்டம் கூட்டியாக வேண்டும். ஏற்கனவே திட்டம் உள்ள பிள்ளை ஊர் மாறினால், புதிய பள்ளி அதற்கு ஒப்பான உதவிகளைத் தந்தாக வேண்டும்.

ஊரிலிருந்து மாமி மட்டும் வருந்தினார்கள். "பிள்ளை பெயரை அந்தத் தாளில் ஏற்றாதீங்க. நாளைக்கு அவன் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுறப்ப நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க" என்றார்கள். அவர்களின் அச்சம் பொய்யன்று. நம் தெருக்களில் அப்படிப் பேசுவோர் உண்டு. ஆனால் பெற்றோரின் ஒப்புதல் எழுத்தில் இல்லாமல் பள்ளி அந்த உதவியைத் தொடங்க இயலாது. மறைத்தால் ஆசிரியையும் இல்லை, குழுவும் இல்லை. கையெழுத்திட்டோம்.

புதிய வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு முன்பு பத்து நிமிடம், இப்போது முப்பத்தைந்து நிமிடம். ஜும்ஆவுக்கு அலுவலகத்திலிருந்தே செல்கிறேன். மக்தபுக்கு வாரம் இருமுறை அவனை அழைத்துச் செல்வது என் மனைவியின் பொறுப்பு. அந்தப் பாரம் சிறிதன்று.

இரண்டாம் ஆண்டு நடக்கிறது. சிறு கதை நூல்களைத் தானே படிக்கிறான். எழுத்துப்பிழைகள் இன்னும் ஏராளம். வரும் மே மாதம் திட்டத்தின் ஆண்டு மறுஆய்வு. அவனது வாசிப்பு வேளையைக் குறைக்கலாம் என்கிறது பள்ளி. இன்னும் ஓராண்டு நீட்டிக்குமாறு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.