அடுப்படிக் கணக்கு

சிக்கனத்தைப் பற்றி எழுதுவது இக்காலத்திற் சற்றே ஆபத்தான காரியம். ஏழைக்குச் சிக்கனம் போதிப்பது, பட்டினி கிடப்பவனிடம் உபவாசத்தின் மகிமையை எடுத்துரைப்பதற்கு ஒப்பாகும் என்று நண்பர்கள் சினந்து கூறுவர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருட்களின் விலை ஓராண்டுக்குள் 94.9 வீதம் ஏறியிருந்தது. முன்னைய ஆண்டு நூறு ரூபா கொடுத்து வாங்கிய உணவுக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்திலே, அரச ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து பயிர் செய்யட்டும் என்று அமைச்சரவை விடுமுறை வழங்கிற்று. அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 2021 மே மாதத்தில், இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளிற் தடைசெய்து விவசாயியின் வயலை வாடவைத்ததும் அதே அரசுதான். கொல்லையிற் கத்தரி நடும்படி நமக்குப் புத்தி சொன்னவர்கள் இவர்கள்.

எனினும் இதைப் பற்றி எழுதவே துணிகிறேன். மேடையிலிருந்து சொல்லப்படும் சிக்கனம் வேறு. அடுப்படியிலே தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பயின்றுவந்த சிக்கனம் வேறு. பின்னது ஓர் அறிவு. கைத்தொழிலாளியின் திறனைப் போற்றும் நாம், அந்த அறிவை மட்டும் கருமித்தனம் என்று ஒதுக்கிவிடுவது ஏன்?

என் தாயார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவரல்லர். ஆனால் ஒரு தேங்காயில் எத்தனை வேளைச் சமையல் அடங்கியிருக்கிறது என்பதை அவரைப்போல் அறிந்தவரை நான் கண்டதில்லை. முதற்பால் கறிக்கு, கப்பிப்பால் காய் அவிவதற்கும் சொதிக்கும், பிழிந்த பூவை வறுத்துச் சம்பலுடன் சேர்ப்பார், அதிலும் எஞ்சியது கோழிக்கு. சிரட்டை கரியாகி உடுப்பு மினுக்கும் பெட்டிக்குள் போகும். பொச்சு அடுப்புக்குப் போகும். முருங்கையிலையை வறை செய்வார். வாழைக்காயின் தோலைச் சீவி எறியாமல் சிறிதாக அரிந்து அதையும் வறையாக்குவார். பிலாப்பழம் தின்ற மறுநாள் பிலாக்கொட்டைக் கறி. இரவில் மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் பிசைந்து தருவார். அதைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போன நாட்களிற் பசி என்பதே தெரியாது. உலை வைக்குமுன் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறு பானையிலே போடும் வழக்கமும் அவருக்கிருந்தது. மாதக்கடைசியிற் கடைக்காரரின் கடன் கொப்பி திறவாமல் எங்கள் வீட்டைக் காத்தது அந்தப் பிடியரிசிதான்.

விறகைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். உணவுக்கு அடுத்தபடி வீட்டுப் பணத்தை விழுங்குவது அடுப்பு. 2021 செப்டெம்பர் வரை ஆயிரத்தைந்நூறு ரூபாவுக்குச் சற்றுக் குறைவாக விற்ற பன்னிரண்டரைக் கிலோ எரிவாயு உருளை, 2022 ஏப்ரில் முடிவில் 4,860 ரூபாவாயிற்று. பணம் இருந்தவருக்கும் உருளை கிட்டவில்லை. வரிசையிலே இரவு பகலாக நின்றார்கள். வடக்கிலே எங்களுக்கு அது முற்றிலும் புதிய அனுபவமன்று. 1990இன் பின் மின்சாரமும் இல்லாமல், மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் தடைப்பட்டிருந்த காலத்தில், ஜாம் போத்தலிலே சிறிது எண்ணெயும் திரியும் வைத்துப் பிள்ளைகள் படித்தார்கள். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதித்து, டைனமோவில் வரும் மின்சாரத்திலே வானொலிச் செய்தி கேட்டார்கள். அதைச் சிக்கனம் என்று அழைப்பது பொருந்தாது. பறிக்கப்பட்ட வாழ்வை இழுத்துப் பிடித்த பிடிவாதம் அது. ஆனால் அன்று கற்ற சில, பின்னாளிற் கைகொடுத்தன.

புழுங்கலரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்தபின் உலையிலிட்டு, நன்கு கொதித்ததும் இறக்கி, மூடியைத் திறவாமல் பழைய சாக்குகளாலும் துணிகளாலும் இறுகச் சுற்றி வைத்தால், தன் சூட்டிலேயே அது வெந்துவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே பிரித்தானியாவின் குடும்பப் பெண்கள் வைக்கோல் நிரப்பிய பெட்டியில் பானையை வைத்துச் செய்ததும் இதே வேலைதான். கடலை, பயறு முதலியவற்றை முதல்நாள் இரவே ஊறவிட வேண்டும். உலை கொதித்த பின்னரும் தீயை வளர்ப்பதால் நீரின் சூடு கூடுவதில்லை, ஆவியே மிகும். விஞ்ஞானம் கற்பிக்கும் நான் வகுப்பிலே கரும்பலகையில் எழுதிக் காட்டும் இவ்வுண்மையை, விறகை வெளியே இழுத்துத் தணலை மட்டும் விட்டுவைத்த என் தாயார் எழுதாமலே அறிந்திருந்தார். ஊமலையும் கொக்காரையையும் மழைக்கு முன்னரே பொறுக்கிச் சேர்த்து வைப்பதும் அவர் வேலை.

நிற்க. இவற்றையெல்லாம் ஒருநாள் பெற்றார் கூட்டத்திற் சற்று உற்சாகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். கூலிவேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒரு தாய், பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு எழுந்தார். “மாஸ்ரர், நீங்கள் சொல்லுறது எல்லாம் சரி. மொத்தமா வாங்கினால் லாபம் எண்டு எனக்கும் தெரியும். நான் நூறு கிராம் சீனி வாங்கிற ஆள். ஒரு கிலோ வாங்கக் காசு எங்க?” என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அக்கேள்வி என்னை விட்டு நெடுநாள் அகலவில்லை. அன்றாடம் கூலி பெறுபவர் அன்றாடமே வாங்குகிறார். சிறு பொட்டலமாக வாங்குகிறார். கடனுக்கு வாங்குவதால் விலையைப் பற்றி வாதாடவும் இயலாது. ஆகவே ஒரே சீனிக்கு மாதச் சம்பளக்காரனான நான் கொடுப்பதை விட அவர் கூடுதலாகக் கொடுக்கிறார். வறியவனாயிருப்பது செலவு மிகுந்த காரியம். மலையகத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி ஆயிரம் ரூபாவாவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் உண்டு கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்ணிடம் எதைக் குறைக்கச் சொல்வது?

வேறொரு முடிச்சும் உண்டு. தக்காளியும் கத்தரியும் மலிந்து கிடக்கும் நாட்களில் வாங்கி வற்றல் போட்டு வைத்தல் நல்ல சிக்கனம். ஆனால் அவை மலிந்து கிடக்கும் நாள் தோட்டக்காரன் அழும் நாள். பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு என்று தரகர் எடுத்துக்கொள்ளும் சந்தையிலே, என் கூடை மலிவாக நிறைவது யாருடைய வியர்வையினால்? இதற்காகத் தக்காளி வாங்காமல் இருப்பவன் அல்லன் நான். இயலுமானபோது வீதியோரத்திலே தோட்டக்காரரிடம் நேராகவே வாங்குகிறேன். இருவருக்கும் சிறிது மிஞ்சுகிறது.

எல்லாவற்றிலும் என்னை உறுத்துவது மற்றொன்று. என் தாயாரின் கணக்கிலே எழுதப்படாத ஒரு பகுதி இருந்தது. எல்லாரும் உண்டு முடிந்தபின் அவர் சட்டியின் அடியை வழித்து உண்பார். மீனின் நடுத்துண்டு அவருடைய கோப்பைக்கு வந்ததை நான் பார்த்ததில்லை; தலையும் வாலுமே தமக்குப் பிடிக்கும் என்பார். குடும்பத்தின் சேமிப்பிற் பெரும்பங்கு ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது. இரு மணி நேரம் விறகு பொறுக்கியதும் ஒரு மணி நேரம் தேங்காய் துருவிப் பிழிந்ததும் ‘மிச்சம்’ என்றே சொல்லப்பட்டன. அந்த உழைப்புக்கு எவரும் விலை வைக்கவில்லை. ஆண்கள் சிக்கனத்தைப் புகழும்போது, அதைச் செய்யும் கைகள் எவருடையவை என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று. எங்கள் வீட்டிலே இப்போது தேங்காய் துருவுவது என் வேலை. மகன் விறகு கொத்துகிறான், முணுமுணுத்துக்கொண்டுதான்.

அரசுகளும் சிக்கனம் பிடிப்பதுண்டு. 1953இல் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது அத்தகையதொரு சிக்கனம். ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலிலே ஸ்தம்பித்தது; ஒக்டோபரிற் பிரதமர் பதவி விலகினார். ஆயினும் ஹர்த்தால் நாளன்றும் எங்கோ ஒரு பெண் உலைக்கு அரிசி அளந்திருப்பாள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்றே எண்ணுகிறேன்.

போர்க்காலப் பங்கீட்டின்போது ஊர்தோறும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் பெருகியதையும், 1957இற் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியதையும் நமது ஆசிரியர்கள் அறிவர். அவை பின்னர் அடைந்த நிலையைப் பற்றி இங்கு பேசப்போவதில்லை. பெற்றார் கூட்டத்தில் அத்தாய் கேட்ட கேள்விக்கு எங்கள் ஒழுங்கையிலே சிறியதொரு பதில் தேடினோம். ஏழு குடும்பங்கள் சேர்ந்து ஐம்பது கிலோ அரிசி மூடை ஒன்றும், சீனியும் பருப்பும் மொத்தமாகவும் எடுக்கிறோம். சம்பளக்காரர் மூவர் முதலில் பணம் போடுகிறோம். நாட்கூலிக்காரர் கிழமைக்கொரு தடவை தம் பங்கைத் தருகிறார்கள். வட்டி இல்லை. தராசு எங்கள் வீட்டு விறாந்தையிலே இருக்கிறது; கொப்பியை எழுதுகிறவர் நூறு கிராம் சீனி வாங்கிய அதே தாய்தான். சென்ற மாதம் ஒருவர் இரண்டு கிழமை பணம் தரவில்லை. அவருடைய பங்கை நிறுத்துவதா இல்லையா என்று வாதம் எழுந்தது. நிறுத்தவில்லை. வரும் மாதம் தேங்காயெண்ணெயும் சேர்க்கலாமா என்பதைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. போத்தலுக்கு யார் பொறுப்பு என்பதில் இழுபறி.