தொலைந்த திறப்பு

2023ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒருநாள் நமது காரின் திறப்புத் தொலைந்து போயிற்று.

கார் வைத்திருப்பவனின் துயரத்தைக் கேட்டு வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நமது கார் எத்தகையது என்பதையும் அவர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். ஜப்பானில் எவரோ ஓட்டிக் கழித்தபின் கப்பலேறி வந்த சிறிய வண்டி அது. இரண்டு ஆசிரியச் சம்பளங்களின் பல்லாண்டுச் சேமிப்பும், சீதனமாக வந்த காணித் துண்டொன்றும், வங்கிக் கடனும் ஒன்றுசேர்ந்து அதனை நம் முற்றத்திற்குக் கொண்டுவந்தன. பதிவுப் பத்திரத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பது வங்கியின் பெயரே. மூலப் பத்திரமும் வங்கியின் இரும்புப் பெட்டியிலேயே உறங்குகின்றது. நம் கையிலிருந்தவை ஒரு பிரதியும் ஒரு திறப்பும். இத்தகைய பழைய கார்கள் பல ஒற்றைத் திறப்புடனேயே கரையேறுகின்றன; மற்றத் திறப்பு எந்த ஊரில் எந்த மேசை இலாச்சியில் கிடக்கின்றதோ, யாரறிவார்! அந்நியச் செலாவணி இன்மையால் 2020 பங்குனியில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 மாசியிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார் ஒன்று பொன்னைப்போல் விலையேறியது. ஆகவே நாம் தொலைத்தது விரல் நீள இரும்பு என்று எவரும் எண்ணிவிடலாகாது.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு நண்பர்கள் இதனைச் சாவி என்பர். அது போர்த்துக்கேயச் சொல். நம்மை நேரே ஆண்ட போர்த்துக்கேயர் அலுமாரியையும் யன்னலையும் கதிரையையும் நம் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அவற்றுள் அலுமாரியைத் திறப்பதற்கு மட்டும் யாழ்ப்பாணத்தான் தன் சொந்தச் சொல்லையே வைத்துக்கொண்டான். இதில் பெருமைப்பட ஏதேனும் உண்டா என்பது வேறு விடயம்.

நிற்க. அன்று வடமராட்சியில் ஒரு செத்தவீடு. நம்மோடு படிப்பித்த நண்பர் ஒருவர் காலமாகிவிட்டார். வேட்டியோடு சென்றோம், வேட்டிக்குச் சட்டைப்பை இல்லையாதலால் திறப்பு இடுப்பு மடியில் இருந்தது. சுடலை வரை சென்று, பின்னேரம் வீடு திரும்பி, காரை முற்றத்தில் நிறுத்திவிட்டு, வழக்கப்படி நேரே கிணற்றடிக்குச் சென்று முழுகினோம். மறுநாட் காலை பள்ளிக்கூடத்திற்குப் புறப்படும்போது திறப்பைக் காணவில்லை.

முதல்நாள் வளவில் வேலை செய்த ஒருவர் இருந்தார். தெற்குப் பக்கத்து வேலியை அடைப்பதற்கு வந்தவர், அரைப்பங்கு முடித்திருந்தார், மிச்சத்தை முடிக்க அன்று காலையும் வந்து கதியால்களை நேர்படுத்திக் கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நம் வீட்டுக் கிணற்றில் அவருடைய தகப்பனார் தண்ணீர் அள்ளியதில்லை, அள்ள விடப்பட்டதில்லை. அந்தக் காலம் போய்விட்டது என்று வகுப்பறையிலே நாம் எத்தனையோ முறை கூறியிருக்கிறோம்.

நாம் அவரைக் குற்றஞ்சாட்டவில்லை. “கார்த் திறப்பு எங்கையும் கண்டனீரோ?” என்று கேட்டோம், அவ்வளவுதான். அவர் கத்தியைக் கீழே வைத்தார். சாரத்தின் மடிப்பை அவிழ்த்துக் காட்டினார். வேலியில் மாட்டியிருந்த துணிப்பையைக் கொண்டுவந்து நிலத்தில் கவிழ்த்தார். வெற்றிலை, பாக்குவெட்டி, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல், சில்லறைக் காசுகள். “நான் உதை எடுத்து என்ன செய்ய, மாஸ்ரர்?” என்றார். காட்டும்படி நாம் கேட்கவில்லை. கேட்காமலே காட்டவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. “சீச்சீ, அதுக்காகக் கேக்கேல்லை” என்று முணுமுணுத்தோம். அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் வைக்கும்வரை பார்த்துக்கொண்டும் நின்றோம்.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதியவர், “யாரிலையாவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டார். “இல்லை” என்றோம். ஆனால் அந்த “இல்லை” வாயிலிருந்து வருவதற்குச் சிறிது நேரம் பிடித்தது. எழுதியவரின் பேனா காத்துக்கொண்டிருந்தது. அந்தச் சிறிது நேரத்தை இன்று வரை நம்மால் மறக்க முடியவில்லை.

வீட்டிலே, “எதற்கும் அந்த மனிசனை இனிக் கூப்பிட வேண்டாம்” என்றொரு பேச்சு எழுந்தது. நாம் மறுத்துப் பேசவில்லை. அன்று மத்தியானத்தோடு அவர் கணக்குத் தீர்க்கப்பட்டது. வேலியின் மறு பாதி அப்படியே கிடந்தது.

இனிக் கார். கொழும்பிலுள்ள முகவர் நிலையம் ஒன்றுடன் தொலைபேசியில் கதைத்தோம். காரை லொறியில் ஏற்றி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கொண்டுவர வேண்டுமாம். திறப்புத் துவாரத் தொகுதியையும் எஞ்சினை ஆளும் பெட்டியையும் முற்றாக மாற்ற வேண்டுமாம். பொருள்கள் வர மாதக்கணக்காகுமாம். அவர்கள் கூறிய தொகை நமது ஐந்து மாதச் சம்பளத்தை விழுங்கக் கூடியது. ஒரு திறப்புக்கு!

காரணம் யாதெனில், இன்றைய கார்த் திறப்பின் இரும்புப் பல் அதன் பாதி மட்டுமே. அதன் பிளாத்திக்குத் தலைக்குள் அரிசிமணி அளவில் ஒரு சிப் புதைந்திருக்கின்றது. (தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் இதனைச் சில்லு என்று எழுதுகின்றன, நமக்குச் சில்லென்றால் கார் உருளும் சில்லு. ஆதலால் சிப் என்றே வைத்துக்கொள்வோம்.) அதற்குப் பற்றரி கிடையாது. திறப்புத் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் 125 கிலோஹேட்ஸ் அளவில் எழுப்பும் அலையே அதற்கு உயிரூட்டுகின்றது. உயிர்பெற்ற சிப் தன் அடையாளத்தைக் கூறுகின்றது. அது பெட்டியின் நினைவிலுள்ள அடையாளத்தோடு பொருந்தினால் எஞ்சின் ஓடும். இல்லையேல் எத்தனை அழகாகப் பல் வெட்டிய திறப்பும் வெறும் இரும்பே. ஏற்கெனவே அறிமுகமான திறப்பு ஒன்று கையிலிருந்தால் மற்றொன்றை அறிமுகப்படுத்துதல் இலகு. இருந்த ஒன்றும் போய்விட்டாலோ, சில கார்களில் அந்தப் பெட்டியின் நினைவையே மாற்றி எழுதியாக வேண்டும்.

இப்பொறி கள்வருக்காகவே உண்டாக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 ஒக்ரோபரிலிருந்து புதிய கார்கள் அனைத்திலும் இதனைக் கட்டாயமாக்கியது. கனடா 2007இல் அவ்வாறு செய்தது. கார்க் களவு குறைய இது உதவிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கள்வனுக்கு எதிராகப் பூட்டிய கதவு காருக்குரியவனுக்கும் தெருவோரத் தொழிலாளிக்கும் எதிராகவும் பூட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்து ஒஸ்ரினுக்கும் மொறிஸ் மைனருக்கும் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் குடித்து ஓடப் பழக்கியவர்கள் நமது மெக்கானிக்குகள். அக்கார்களின் திறப்புத் தொலைந்தால் ஓர் அரமும் அரைமணி நேரமும் போதும். அறிவு அரம் பிடித்த கையில் இருந்தது. இன்றோ அது கடலுக்கப்பால் ஒரு கம்பனியின் கணினிக்குள் இருக்கின்றது. அக்கணினியின் வாயிலிலும் ஒரு திறப்பு வேண்டும், அதற்கும் காசு.

இவ்விரகசியத்தைக் காப்பதற்கு எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. பிரித்தானியாவிலும் நெதர்லாந்திலும் உள்ள ஆராய்ச்சியாளர் மூவர், பல கம்பனிகளின் கார்களில் உள்ள இத்தகைய சிப் ஒன்றின் பலவீனத்தைக் கண்டறிந்து 2013இல் கட்டுரையாக வெளியிட முனைந்தனர். வொக்ஸ்வாகன் கம்பனி இலண்டன் உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. கட்டுரை 2015இலேதான் வெளிவந்தது; அதுவும் ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு! மறுபுறத்தில், அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, கார்களைத் திருத்தும் விபரங்களைச் சிறு கராச்சுகளுக்கும் கொடுக்க வேண்டுமென்று கம்பனிகளை நிர்ப்பந்தித்தார்கள். அங்கே அதனை உரிமை என்ற சொல்லாலேயே அழைக்கிறார்கள். நமது நாட்டில் இவ்வுரிமையைப் பற்றி எந்தத் தேர்தல் மேடையிலும் நாம் கேட்டதில்லை.

நம்மைக் காப்பாற்றியவர்கள் பஸ் நிலையத்திற்கு அண்மையில் இருந்த ஒரு தகப்பனும் மகனும். தகப்பன் முப்பது ஆண்டுகளாகக் குடைக்குக் கீழிருந்து பூட்டும் திறப்பும் செய்பவர். மகன் பின்னாலுள்ள ஒடுங்கிய கடையில் ஒரு கணினியும் ஓர் இயந்திரமும் வைத்திருந்தார். இயந்திரம் கடனில் வாங்கியது. ஆண்டுதோறும் அதற்குப் புதிய பாடம் ஏற்ற வேண்டும். அதற்குரிய கட்டணம் டொலரில். 2022இல் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, அவர்களது கடனும் கட்டணமும் என்ன பாடுபடுத்தியிருக்கும் என்பதைக் கணித ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் தகப்பனார் காரைத் தொடவில்லை. “ஐயா, குறை நினைக்காதையுங்கோ. முதல்லை கடதாசியளைப் பாப்பம்” என்றார். பத்திரத்தின் பிரதி, வங்கியின் கடிதம், அடையாள அட்டை, பொலிஸ் முறைப்பாடு எல்லாவற்றையும் பார்த்து, ஒரு கொப்பியில் இலக்கங்களைக் குறித்து, நம்மிடம் கையெழுத்தும் வாங்கினார். நமக்கு உள்ளூரச் சினம் மூண்டது. நாம் யாரென்று ஊருக்குத் தெரியும். நம் முற்றத்தில் நிற்கும் நம் காருக்கு நம்மிடமே சான்று கேட்பதா? சினம் சற்று ஆறியபோது, பாதி வேலியின் பக்கம் பார்வை சென்றது. கேள்வி கேட்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை நாம் அறிந்துகொண்டது அந்தக் கொப்பியின் முன்னால்தான். நம்மிடமோ காட்டக் கடதாசிகள் இருந்தன.

பிறகு தகப்பனார் கதவின் பூட்டைக் கழற்றி உள்ளிருந்த தகடுகளின் உயரத்தைக் கண்ணாலும் நகத்தாலும் அளந்து பல் வெட்டினார். மகன் ஓட்டுநர் ஆசனத்தின் முன்னே குனிந்து கிடந்து பெட்டியைக் கழற்றி, அதிலிருந்து எட்டுக் கால்களுடைய, உழுந்தளவு நினைவுத் துண்டு ஒன்றைச் சூட்டுக்கோலால் இளக்கி எடுத்தார். கை சற்றே நடுங்கினால் பெட்டி பாழ். அதில் எழுதியிருந்ததைக் கணினியில் வாசித்து, பழைய அடையாளங்களை அழித்து, மீண்டும் ஒட்டினார். நான்கு மணி நேரம். “பழைய திறப்பை ஆர் கண்டெடுத்தாலும் இனிப் பயமில்லை, சேர். உந்த எஞ்சினுக்கு அதைத் தெரியாது” என்றார். இரண்டு திறப்புகளுக்கும் சேர்த்து அவர்கள் கேட்ட கூலி கொழும்பு கூறியதில் பத்திலொரு பங்கும் இல்லை. பேரம் பேசும் பழக்கமுடைய நாம் அன்று பேசவில்லை.

ஆவணி மாதம் கிணறு இறைத்தோம். மழைக்கு முன் நீர் வற்றியிருக்கும் காலம் அது. இயந்திரம் கொண்டுவந்தவர் தம் ஆட்களையும் கூட்டிவந்தார். கிணற்றுக்குள் இறங்கிச் சேறு அள்ளுபவராக வந்திருந்தவர், வேலி அடைத்த அதே மனிதர். நம்மைக் கண்டு தலையசைத்தார், வேலியைப் பார்த்தார், இறங்கிவிட்டார்.

மூன்றாவது கடகம் சேறு மேலே வந்தபின் உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அவர் ஏறி வந்தார். வாளித் தண்ணீரில் கையிலிருந்ததைக் கழுவி, சாரத்தில் துடைத்து, கிணற்றுக்கட்டின் மேல் வைத்தார்.

“மாஸ்ரர், உங்கடை சாமான்.”

வேறொன்றும் கூறவில்லை. செத்தவீட்டன்று முழுகும்போது மடியிலிருந்து நழுவியிருக்கின்றது. வேறென்ன! நாம் அதை எடுத்துக்கொண்டு போய்க் காரில் இட்டுப் பார்த்தோம். அந்நேரம் அவர் முன்னால் நிற்பதைவிட அது நமக்கு இலகுவாக இருந்தது. துவாரத்தில் திறப்பு நன்றாகவே திரும்பியது. எஞ்சின் மட்டும் அசையவில்லை.

மாலையில் கூலி வாங்கி, எண்ணிப் பார்த்து மடித்துக்கொண்டார். சைக்கிளை எடுக்கும்போது, வேலியின் மற்றப் பாதியை எப்போது அடைத்துத் தரலாம் என்று கேட்டோம். அதைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று இருந்தது, அது வரவில்லை.

“இப்ப வேறை இடத்திலை வேலை, மாஸ்ரர். பாப்பம்” என்று சொல்லிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டிப் போனார்.