வெயிலுக்குக் கண் கூசும் தீவு

பசிபிக் பெருங்கடலின் நடுவே, பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே, பிங்கெலாப் என்று ஒரு தீவு. உலக வரைபடத்தில் அதைத் தேடினால் சுலபத்தில் கிடைக்காது. மைக்ரோனேசியக் கூட்டாட்சி என்ற குட்டி நாட்டில், பொன்பெய் மாநிலத்தைச் சேர்ந்தது. மூன்று திட்டுகளையும் கூட்டினால்கூட நிலப்பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டரைத் தொடாது. அதில் ஒரு திட்டில்தான் ஆட்கள் இருக்கிறார்கள், சுமார் 250 பேர். நம் ஊரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டம்!

அங்கே போய்ச் சேருவதே ஒரு பாடு. ஹவாயின் ஹோனலூலுவுக்கும் குவாமுக்கும் நடுவே ஒரு விமானம் தீவுக்குத் தீவு இறங்கி ஏறிப் போகிறது, டவுன் பஸ் மாதிரி. அதில் பொன்பெய் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். உலகத்திலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் பொன்பெய் ஒன்று. மலை, அருவி, எங்கு பார்த்தாலும் பச்சை. கருங்கல் தூண்களைக் கட்டை அடுக்குவதுபோல அடுக்கிக் கடல் மேல் கட்டிய நான் மடோல் என்ற பழைய நகரத்தின் சிதைவுகளும் இங்கேதான். 2016-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பொன்பெய்யிலிருந்து பிங்கெலாப்புக்குப் போவது சில பேர் மட்டுமே உட்காரும் குட்டி விமானம். அது இல்லாவிட்டால் எப்போதாவது போகும் சரக்குக் கப்பல்.

மேலிருந்து பார்த்தால் நீலத் தட்டில் வைத்த வெள்ளை வளையம் போலத் தெரிகிறது தீவு. இறங்கியதும் முதலில் முகத்தில் அறைவது வெளிச்சம். தரை முழுக்கப் பவளம் பொடிந்த வெள்ளை மணல். சுற்றிலும் கண்ணாடி போன்ற காயல். மேலே மறைவில்லாத சூரியன். வெயில் வானத்திலிருந்தும் வருகிறது, தண்ணீரிலிருந்தும் வருகிறது, மணலிலிருந்தும் வருகிறது. தென்னை, ஈரப்பலா, வாழை மரங்களின் நிழலுக்குள் ஒதுங்கினால்தான் கண் திறக்க முடியும். தீவின் நடுப்பள்ளத்தில் சேப்பங்கிழங்கு வயல். கிழங்கும் ஈரப்பலாவும் மீனும்தான் சாப்பாடு. வீட்டுக்கு வீடு பன்றி வளர்க்கிறார்கள்.

இந்த ஊரில் பன்னிரண்டு பேரைப் பார்த்தால் அதில் ஒருவராவது நிழலை விட்டு வெளியே வரத் தயங்குவார். வந்தாலும் கண்ணைச் சுருக்கி, இமையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நடப்பார். உற்றுப் பார்த்தால் அவருடைய கருவிழி இப்படியும் அப்படியும் சிறிதாக ஆடுவது தெரியும். ஊரில் இவர்களுக்கு ‘மஸ்குன்’ என்று பெயர். ‘பார்க்காத’ என்று பொருள். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல் இது.

மஸ்குன் மனிதர்களுக்கு நிறம் என்பதே கிடையாது. பச்சை, சிவப்பு இரண்டையும் குழப்பிக்கொள்ளும் சாதாரண நிறக்குருடு வேறு. அது ஆண்களிடம் அதிகமாகவே உண்டு, பலருக்கு ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் வயதில்தான் தெரியவே வரும். இது அப்படியல்ல. பழைய கறுப்பு வெள்ளைப் படம் போல, உலகம் முழுவதும் சாம்பலின் பல சாயல்களில் மட்டும். அதைவிடப் பெரிய சிரமம், பகல் வெளிச்சத்தில் கண் ஏறக்குறைய தோற்றுப்போவதும், எழுத்து பொடியாக இருந்தால் படிக்க முடியாமல் போவதும்தான். மற்ற நாடுகளில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இது வரும். பிங்கெலாப்பில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்கு இருக்கிறது. இன்னும் முப்பது பேர் போல, பார்வை நன்றாக இருந்தும் அந்த மரபணுவை உள்ளே சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு சின்ன தீவில் இவ்வளவு பேருக்கு ஏன்?

பதில் ஒரு புயலில் இருக்கிறது. 1775-ஆம் ஆண்டு வாக்கில் லெங்கியெகி என்று இன்றும் ஊரார் பெயர் சொல்லும் சூறாவளி பிங்கெலாப்பைப் புரட்டிப் போட்டது. கடல் தீவின் மேலேயே ஏறிப் போனது. அலை கொன்றது பாதி என்றால், உப்புத் தண்ணீர் புகுந்து கிழங்கு வயலும் மரங்களும் பட்டுப்போனதால் வந்த பட்டினி கொன்றது மீதி. முடிவில் உயிரோடு நின்றவர்கள் சுமார் இருபது பேர். அவர்களில் தீவின் தலைவரான நான்மார்கியும் ஒருவர். ‘நான்மார்கி’ என்பது பட்டம், பெயர் அல்ல.

அந்தத் தலைவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நிறப்பார்வைக்கு வேண்டிய ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று அவரிடம் பழுதாக இருந்தது என்று பிற்காலத்தில் வம்சாவளியைத் தோண்டிய ஆய்வாளர்கள் கணித்தார்கள். இது ஒன்றும் அதிசயம் இல்லை. நம் ஒவ்வொருவரிடமும் இப்படிப் பழுதான மரபணுக்கள் சில இருக்கத்தான் செய்கின்றன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஜோடியாக வருவதால், ஒன்று கெட்டாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். கெட்டது உள்ளே பதுங்கியே கிடக்கும். ஜோடியில் இரண்டுமே கெட்டால்தான் குறை வெளியே தெரியும்.

புயல் வராதிருந்தால், தலைவரின் அந்த ஒற்றைப் பிரதி ஊர்க்கூட்டத்தில் கரைந்து யாருக்கும் தெரியாமலே போயிருக்கலாம். இருபது பேர் மட்டும் மிஞ்சிய இடத்தில் கணக்கே வேறு. இருபது பேரிடம் மொத்தம் நாற்பது பிரதிகள். அதில் ஒன்று கெட்டது. ஒரே நாளில் அபூர்வம் சகஜமாகிவிட்டது. பிறகு தலைவரின் வம்சம் தழைத்தது. சுற்றிலும் கடல். பெண் எடுக்கவும் கொடுக்கவும் உள்ளூரை விட்டால் வேறு ஊர் இல்லை. பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரன்கள் தங்களுக்குள் மணம் முடித்தார்கள். பதுங்கியிருந்த பிரதியை இரண்டு பக்கமும் சுமந்த தம்பதிகள் சேர்ந்தபோது, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. புயலுக்குப் பின் நாலாம் தலைமுறையில் வெயிலைப் பார்க்க முடியாத குழந்தைகள் பிறக்கத் தொடங்கின.

அந்தக் காலத்தில் யாருக்கு என்ன தெரியும்? தெய்வம் சம்பந்தப்பட்ட கதை ஒன்று ஊரில் உலவியது. கண்ணுக்கெதிரே பெற்றோர் இருவருக்கும் நல்ல பார்வை, பிள்ளைக்கு மட்டும் இல்லை என்றால் வேறு எப்படித்தான் நினைப்பது?

பரிணாமம் என்றாலே ‘வலியது வாழும்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும். பிங்கெலாப் அதற்கு ஒரு நல்ல மறுப்பு. இந்த மரபணு பெருகியது அது நல்லது செய்ததால் அல்ல. புயல் யாரைத் தூக்கிப்போனது, யாரை விட்டுவைத்தது என்ற வெறும் தற்செயல்தான் காரணம். சீட்டு குலுக்கிப் போட்டதுபோல. சின்னக் கூட்டத்தில் தற்செயலுக்கு இருக்கும் பலம், பெரிய கூட்டத்தில் இருக்காது. கொடுமை என்னவென்றால், மேகமூட்டமான குளிர்நாட்டில் கொஞ்சம் தாங்கக்கூடிய இந்தக் குறை, பூமியிலேயே வெளிச்சம் உக்கிரமாக அடிக்கும் இடங்களில் ஒன்றில் போய்ச் சேர்ந்தது.

பழுது என்ன என்று 2000-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். எட்டாவது குரோமோசோமில் சிஎன்ஜிபி3 என்ற மரபணு. மனித மரபணுத் தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அந்த மரபணு செய்யும் புரதத்தின் 435-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக பினைல்அலனின் வந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான். ஒரு எழுத்துப் பிழை, ஒரு ஊரின் கதை.

நம் விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் வெளிச்சத்தைப் பிடிக்கின்றன. மங்கலான ஒளிக்குக் குச்சிச் செல்கள், சுமார் 12 கோடி. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் நுணுக்கமான பார்வைக்கும் கூம்புச் செல்கள், சுமார் 60 லட்சம். சிஎன்ஜிபி3 மரபணு உடம்பின் எல்லாச் செல்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. கல்லீரலிலும் இருக்கிறது, கால் விரலிலும் இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் அது திறக்காத புத்தகம். கூம்புச் செல்லில்தான் அதைத் திறந்து படித்து, செல்லின் சவ்வில் ஒரு சிறு கதவைச் செய்கிறார்கள். வெளிச்சம் பட்டதும் அந்தக் கதவு மூடிக்கொள்ளும், அதுவே மூளைக்குப் போகும் சேதி. கதவு கோணினால் கூம்புச் செல் ஊமை. மஸ்குன் மனிதர்களுக்கு உடம்பில் வேறெந்தக் குறையும் இல்லாததன் காரணம் இதுதான். பகலிலும் அவர்கள் குச்சிச் செல்களை மட்டும் நம்பியிருக்கிறார்கள். அவை நிலா வெளிச்சத்துக்கு ஏற்றவை. உச்சி வெயிலில் திக்குமுக்காடிப் போகும்.

‘சொந்தத்துல கல்யாணமா?’ என்று நம் ஊர்க் கண் மருத்துவர்களும் குழந்தை மருத்துவர்களும் எடுத்த எடுப்பில் கேட்பதும் இதே கணக்கை வைத்துத்தான். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் தாத்தா பாட்டி பொது. தாத்தாவிடம் பதுங்கிக் கிடந்த ஒன்று இரண்டு பக்கமும் வந்து, பேரப்பிள்ளைகளின் வீட்டில் சந்தித்துக்கொள்ள வாய்ப்பு கூடுகிறது. தாய்மாமனையே மணந்தால் இன்னும் கூடுதல். நமக்கு அது வழக்கம், பிங்கெலாப்புக்கு வேறு வழி இல்லை.

1994-ல் நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ் இந்தத் தீவுக்கு வந்தார். கூட வந்தவர்களில் ஒருவர் ராபர்ட் வாசர்மன் என்ற கண் மருத்துவர். இன்னொருவர்தான் முக்கியம்: நார்வேயைச் சேர்ந்த க்நூட் நார்ட்பி. பார்வையைப் பற்றி ஆராயும் விஞ்ஞானி, அவரே பிறவியிலிருந்து நிறம் தெரியாதவர். தன்னைப் போலவே கண்ணைச் சுருக்கும் குழந்தைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்ட தீவு, அவருக்கு எப்படி இருந்திருக்கும்! அவர்கள் கறுப்புக் கண்ணாடிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் பயணத்தை வைத்து சாக்ஸ் எழுதிய புத்தகம் 1997-ல் வந்தது. ‘நிறக்குருடர்களின் தீவு’ என்ற அதன் தலைப்புதான் பிங்கெலாப்பை உலகத்துக்குக் காட்டியது. தலைப்பு கொஞ்சம் அதிகப்படி. தீவில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நிறம் நன்றாகவே தெரியும். 2015-ல் பெல்ஜியப் புகைப்படக்காரர் சன்னே டி வில்டே வந்து, இலைகள் இளஞ்சிவப்பாகத் தெரியும் படங்களெல்லாம் எடுத்தார். இப்படி வந்து போகிறவர்கள் தொடர்கிறார்கள்.

வாழைப்பழம் பழுத்ததா என்று நிறம் தெரியாமல் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? வெளியூரார் தவறாமல் கேட்கும் கேள்வி இது. தொட்டு, மோந்து, அமுக்கிப் பார்த்துத்தான். பச்சைத் தோலோடு பழுக்கும் ரகத்தில் நிறத்தை நம்புகிறவர்தான் ஏமாறுவார். மங்கலான குடிசைக்குள் உட்கார்ந்து பாய் முடையும் மஸ்குன் பெண்களின் கைவேலையில் வெளிர், அடர் சாயல்கள் மட்டுமே உண்டு. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் நம் கண்ணுக்கு அந்த வடிவம் சரியாகப் பிடிபடாது.

பள்ளிக்கூடத்தில்தான் உண்மையான இழப்பு. கரும்பலகை தெரியாது. புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டுதான் படிக்க முடியும். ஜன்னலோரத்தில் உட்கார முடியாது. புத்திசாலிக் குழந்தை மக்கு என்ற பெயர் வாங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. அடர்நிறக் கண்ணாடி, ஒரு உருப்பெருக்கி, நிழலான மூலையில் ஒரு இடம். இவ்வளவு கிடைத்தாலே பாதிச் சிரமம் போய்விடும். இவற்றைச் செய்ய விஞ்ஞானம் எதுவும் வேண்டாம், யாராவது ஒருவர் நினைத்தால் போதும்.

சூரியன் விழுந்ததும் நிலைமை மாறுகிறது. அந்தி மங்கலில் மஸ்குன் மனிதர்களின் இமை படபடப்பு நின்றுவிடும். நிமிர்ந்து நடக்கிறார்கள், குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். இரவில் தீப்பந்தம் ஏந்திப் படகில் போய், வெளிச்சத்துக்குத் துள்ளும் பறக்கும் மீனை வலையில் ஏந்துவது இங்கே பழைய தொழில். அதில் மஸ்குன் ஆட்களுக்கு நல்ல பெயர்.

பிங்கெலாப் மக்கள் இப்போது பிங்கெலாப்பில் மட்டும் இல்லை. 1905-ல் வந்த இன்னொரு சூறாவளிக்குப் பிறகு பலர் பொன்பெய்க்குக் குடிபெயர்ந்தார்கள். 1950-களில் அங்கே மாண்ட் என்ற கிராமமும் உருவானது. அங்கேயும் மஸ்குன் குழந்தைகள் உண்டு. அமெரிக்காவோடு உள்ள ஒப்பந்தத்தால் குவாம், ஹவாய் என்று வேலைக்குப் போகிறவர்களும் அதிகம். கடல் மட்டம் உயர உயர, சில மீட்டர் உயரமே உள்ள தீவில் எத்தனை காலம் இருக்க முடியும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. வெளியே போகிறவர்கள் வெளியாரை மணக்கிறார்கள். அந்த எழுத்துப் பிழை பிள்ளைகளிடம் மறுபடியும் பதுங்கிக்கொள்கிறது. அழிவதில்லை, பரவிக் கரைகிறது.

இதே மரபணு பழுதாகி வெயிலுக்குக் கூசும் அலாஸ்கன் மலமூட் இன நாய்களும் உண்டு. 2010-ல், தீங்கில்லாத வைரஸில் சரியான பிரதியை ஏற்றி அந்த நாய்களின் விழித்திரைக்குள் செலுத்தினார்கள். சிலவற்றுக்குப் பகல் பார்வை கிடைத்தது. பிறகு மனிதர்களிடமும் பரிசோதனைகள் நடந்தன. பலன் இதுவரை சுமார்தான். பிறந்ததிலிருந்து நிறத்தையே கேட்டிராத மூளை, திடீரென்று வரும் சேதியை என்ன செய்வது என்று தெரியாமல் தடுமாறுகிறது என்பது ஒரு விளக்கம். சிறு வயதிலேயே செய்தால் தேறலாம் என்று பார்க்கிறார்கள். பிங்கெலாப்பில் இப்போதைக்குக் கை கொடுப்பது கறுப்புக் கண்ணாடிதான், அதுவும் பக்கவாட்டு வெளிச்சத்தையும் மறைக்கும் அகலமான ரகம்.