மூன்று சக்கரத் தேர்

மகள் பிறந்த ஆறாவது வாரம் மருத்துவரைப் பார்க்கப் போனபோது நான் கேட்ட முதல் கேள்வி, "இவளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே எப்போது ஓடலாம்?" என்பதுதான். பாளையங்கோட்டையில் பள்ளியில் படிக்கும்போதே 1500 மீட்டர் ஓடியவள் நான். கல்யாணம், விசா, வேலை என்று எல்லாம் மாறிய பிறகும் என்னோடு ஊரிலிருந்து கூடவே வந்தது ஓட்டம்தான். இப்போது இருப்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெட்மண்ட் நகரில். சம்மாமிஷ் ஆற்றின் கரையோடு மேரிமூர் பூங்காவிலிருந்து பாத்தல் ஊர்வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்கு ஒரு பாதை போகிறது. கார் வராத, சமதளமான, தார் போட்ட பாதை. பிரசவத்துக்கு முந்தைய மாதம்கூட அதில் நடந்துகொண்டிருந்தேன்.

மருத்துவர் பொறுமையாகப் பதில் சொன்னார். எனக்கு உடம்பு தேறத் தேற மெல்ல ஆரம்பிக்கலாம். பிள்ளையோடு ஓடுவதென்றால் எட்டு மாதமாவது ஆகட்டும். அப்போதும் மாதக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். தலை ஆடாமல் நிற்கிறதா, பிடிமானம் இல்லாமல் உட்காருகிறாளா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, காய்ந்த துணியை மடித்துக்கொண்டே, "ஏட்டி, பிள்ளைக்குத் தலை நிக்கல. அதுக்குள்ள உனக்கு ஓட்டமா? அவ குப்புற விழட்டும், தவழட்டும், உக்காரட்டும். ரோடு எங்கயும் போயிராது" என்றாள். படித்த மருத்துவரும் எட்டாம் வகுப்போடு நிறுத்திய அம்மாவும் ஒரே நாளில் ஒரே விஷயத்தைச் சொன்னதால், காத்திருப்பது எனக்கு எளிதாகிப் போனது.

காரணம் சிக்கலானதல்ல. கைக்குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. அதைத் தாங்கும் கழுத்துத் தசையோ இன்னும் பிஞ்சு. நடக்கும்போது வண்டிக்கு வரும் அதிர்வு வேறு, ஓடும்போது வருவது வேறு. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தள்ளல், ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு தூக்கிப்போடல். பல வண்டிகளில் காருக்கான கைக்குழந்தை இருக்கையை அப்படியே மாட்டிக்கொள்ள வசதி உண்டு. அது நடப்பதற்கு மட்டும்தான் என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். இருக்கை மாட்ட முடிகிறது என்பதாலேயே ஓடலாம் என்று நினைத்துக்கொள்ளும் பெற்றோரை இதே பாதையில் பார்த்திருக்கிறேன். நிறுத்திச் சொல்ல வாய் வரை வரும். இரண்டு முறை சொல்லியும் இருக்கிறேன்.

காத்திருந்த மாதங்களில் வண்டியைப் பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு சந்தோஷமான செய்தி கிடைத்தது. ஓடுவதற்கென்றே செய்த ஸ்ட்ரோலர் பிறந்தது எங்கள் மாநிலத்திலேயே, காஸ்கேட் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாக்கிமா ஊரில். ஃபில் பேக்லர் என்ற பத்திரிகைக்காரருக்கு ஓட்டத்தில் ஆசை; வீட்டில் சின்னப் பையன். மகனையும் விட மனமில்லை, ஓட்டத்தையும் விட மனமில்லை. தள்ளுவண்டி ஒன்றுக்குச் சைக்கிள் சக்கரங்களை மாட்டிப் பார்த்தார். 1984-ல் அதையே தொழிலாக்கி 'பேபி ஜாகர்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். இன்று கடையில் வரிசையாக நிற்கும் மூன்று சக்கர வண்டிகளுக்கெல்லாம் அதுவே மூத்தது.

அதற்கும் முன்னால், 1977-ல், மாசசூசெட்ஸில் டிக் ஹாய்ட் என்ற தகப்பன், பெருமூளை வாதத்தால் கை கால் வழங்காத தன் 15 வயது மகன் ரிக்கைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு 5 மைல் ஓடினார். ஓட்டம் முடிந்ததும் மகன் கணினி வழியாகத் தெரிவித்தது, ஓடும்போது தனக்கு ஊனமே இல்லாததுபோல் இருந்தது என்பதைத்தான். பிறகு இருவருமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பந்தயங்களில் ஓடினார்கள். பாஸ்டன் மாரத்தானில் மட்டும் 32 முறை. அந்த மாரத்தான் தொடங்கும் ஹாப்கின்டனில் 2013-ல் இருவருக்கும் சிலை வைத்தார்கள். தகப்பன் 2021-லும் மகன் 2023-லும் போய்ச் சேர்ந்தார்கள். ஓட்டக்காரர்கள் டிக்கின் தோள்வலிமையைப் பேசுவார்கள். என் மனசில் நிற்பது ரிக் சொன்ன அந்த ஒரு வரி. வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படி இருந்தது என்று கேட்ட பிறகுதானே இரண்டாவது ஓட்டமே நடந்தது? என் மகளால் சொல்ல முடியாது. அவள் உட்காரப்போகும் இடத்தில் நான்தான் மனசால் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்க ஆரம்பித்ததும் கடையில் என் கண் போன இடமே மாறிவிட்டது. பாட்டில் வைக்கும் இடம், ஒரே கையால் மடிக்கும் வசதி எல்லாம் பின்னால் போயின. முதலில் சக்கரம். பெரிய சக்கரம் சின்னப் பள்ளத்தில் விழாது, மேலே உருண்டு போய்விடும். மாட்டுவண்டிக்கு ஏன் அத்தனை பெரிய சக்கரம் என்பது இங்கே விளங்கும். நான் வாங்கிய வண்டியில் பின்சக்கரம் இரண்டும் 16 அங்குலம், முன்சக்கரம் 12. மூன்றும் காற்றடைத்த டயர். கெட்டி ரப்பர் சக்கரம் பஞ்சர் ஆகாதுதான், ஆனால் ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் பிள்ளையின் முதுகெலும்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும். காற்றிலும் அளவு வேண்டும். டயரில் உச்சம் 30 பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருந்தது. உச்சம் வரை அடித்தால் வண்டி பறக்கும், பிள்ளையும் துள்ளும். கொஞ்சம் குறைத்து வைத்தால் எனக்குத் தள்ளுவது கனக்கும், அவள் தூங்குவாள். குறைத்தே வைத்தேன். அச்சுக்கு மேலே ஸ்பிரிங் அமைப்பு இருக்கிறதா என்றும் இருக்கையை அமுக்கிப் பார்த்தேன்.

அடுத்தது வார். இரண்டு தோள், இரண்டு இடுப்பு, காலிடை ஒன்று என்று ஐந்து வார்களும் ஓரிடத்தில் வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். தோள்வார் பிள்ளையின் தோள் உயரத்துக்கு ஏற்றி இறக்க முடியவேண்டும். பூட்டிய பிறகு வாருக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு விரல் போகலாம், கை போகக்கூடாது.

இத்தனையும் கடையின் வழுவழுத் தரையில் தெரியாது. தோழி ஒருத்தியின் வண்டியை ஒரு வாரம் இரவல் வாங்கி, இந்தியக் கடையில் வாங்கிய 20 பவுண்டு சோனா மசூரி அரிசிப் பையை இருக்கையில் வைத்து ஐந்து வாரையும் போட்டு, அப்பார்ட்மெண்ட் கார் நிறுத்துமிடத்தில் ஓடிப் பார்த்தேன். வண்டி 12 கிலோ, அரிசி 9 கிலோ. வளைவில் அரிசி எந்தப் பக்கம் சாய்கிறது, பிரேக் பிடித்தால் எவ்வளவு முன்னால் சரிகிறது, என் நீள எட்டு பின்அச்சில் இடிக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துபோனது. இடித்தது. அதனால் அந்த மாடலை வாங்கவில்லை. கைப்பிடி உயரம் மாற்ற முடியாததால் என் கணவருக்கும் அது சரிப்படவில்லை; ஆறடி ஆள் குனிந்துகொண்டே தள்ளினால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?

கடைசியில் வாங்கியது பழைய வண்டி. பழையது தப்பில்லை, ஆனால் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் தயாரித்த தேதியையும் பார்த்து, அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் திரும்பப் பெறும் பட்டியலில் அது இருக்கிறதா என்று தேட வேண்டும். 2018-ல் அந்த ஆணையம், முன்சக்கரத்தைச் சட்டென்று கழற்ற வைத்திருக்கும் நெம்புகோல் சரியாக இறுகாவிட்டால் ஓடும்போதே சக்கரம் கழன்று விழுகிறது என்று, ஏறத்தாழ 5 லட்சம் வண்டிகளைக் குறித்து ஒரு நிறுவனத்தின் மீது வழக்கே தொடர்ந்தது. காரில் ஏற்றக் கழற்றுவோம், இறக்கி மாட்டுவோம். மாட்டும்போதுதான் அவசரம். மாட்டியதும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பதை, அந்த வழக்கைப் பற்றிப் படித்ததிலிருந்து நான் விடவில்லை.

இவ்வளவு தெரிந்தும் தவறு நடந்தது. மகளுக்குப் பத்து மாதம். முன்சக்கரத்துக்கு இரண்டு நிலை உண்டு: கடைக்குள் தள்ளும்போது எல்லாப் பக்கமும் திரும்பும்படி விட்டுவைக்கலாம், ஓடும்போது நேராகப் பூட்டிவிட வேண்டும். பூட்டினால் வளைவில் கைப்பிடியை லேசாக அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும், சிரமம்தான். அன்று கடைக்குப் போய்விட்டு அப்படியே ஓடப் போனேன். பூட்டவில்லை. வுடின்வில் பக்கத்தில் பாதை ஒரு பாலத்துக்கு அடியில் இறங்கும். அந்த இறக்கத்தில் வேகம் கூடியதும் முன்சக்கரம் படபடவென்று ஆட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி டிராலியின் கெட்டுப்போன சக்கரம் ஆடுமே, அப்படி. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் ஒரு பைன் காயில் மோதிக் குறுக்கே திரும்பிவிட்டது. வண்டி ஒரு பின்சக்கரத்தில் சாய்ந்து நின்றது. கைப்பிடி என் கையிலிருந்து நழுவிவிட்டது. கைப்பிடியோடு சேர்த்து என் மணிக்கட்டில் மாட்டியிருந்த வார் மட்டும் இறுகி, தோளே கழன்றதுபோல் இழுத்து, வண்டியைப் பிடித்துக்கொண்டது. மறுபக்கம் சரிவு, அதற்குக் கீழே ஆறு.

ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. வாரை அவிழ்த்து எடுத்தேன். அவளுடைய இடது தோளில் வார் அழுத்திய சிவப்புக் கோடு. வேறு ஒன்றுமில்லை. பாதையோரப் புல்லில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். இடப்பக்கம் வருகிறேன் என்று குரல் கொடுத்துக்கொண்டு சைக்கிள்கள் போய்க்கொண்டே இருந்தன. அவள் தூங்கிய பிறகு குனிந்து அந்தப் பூட்டைப் பார்த்தேன். கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குமிழ். அதைத் திருகினால் டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் நான் இரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். திரும்பி நடந்தே வந்தோம்.

அம்மா ஊருக்குத் திரும்பியிருந்தாள். மறைக்கத் தோன்றவில்லை, வீடியோ அழைப்பில் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம நெல்லையப்பர் தேரு பாத்திருக்கல்லா?" என்று கேட்டாள். "வடம் பிடிச்சு இழுக்க ஊரே வரும். நிறுத்துறது யாரு? முட்டுக்கட்டை போடுதவன்தான். அவன் கண்ணு சக்கரத்தை விட்டு நகராது. நீ இழுக்கவும் செய்யணும், கட்டையும் போடணும்லா?" சின்ன வயதில் ஆனித் தேரோட்டத்தில் ரத வீதியில் நின்று பார்த்தது அப்படியே கண்ணில் வந்தது. கூட்டமெல்லாம் தேரின் உச்சியைப் பார்க்கும். கட்டை போடுகிறவர்கள் மட்டும் குனிந்தே வருவார்கள். மணிக்கட்டில் மாட்டும் வாருக்கு அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெயர் வடம். கால் பிரேக்குக்குக் கட்டை.

பிறகு ஒரு வாரம் நான் ஓடவில்லை. ஆரம்பித்தபோது, கிளம்புமுன் கையால் தொட்டுப் பார்க்க ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். முன்சக்கரத்தை இழுத்துப் பார்ப்பது, குமிழின் சத்தம் கேட்பது, டயரை அமுக்குவது, வாருக்குள் விரல் விடுவது, வடம். கைப்பிடியில் பை மாட்டுவதை விட்டுவிட்டேன். பிள்ளையை இறக்கியதும் அந்தக் கனத்தில் வண்டி பின்னால் மல்லாந்துவிடும். இறக்கத்தில் கைப் பிரேக்கில் விரல் வைத்தபடியே, பாதி வேகத்தில்தான் போவேன். காதில் பாட்டுக் கருவி மாட்டுவதில்லை. மாட்டினால் வண்டிக்குள்ளிருந்து வரும் சத்தம் கேட்காது.

வெயிலும் குளிரும் தனிப் பாடம். ஓடுகிற எனக்கு வேர்க்கும். அசையாமல் உட்கார்ந்து எதிர்காற்றை வாங்குகிற அவளுக்கு நடுங்கும். என் உடம்பை வைத்து அவளுக்குச் சட்டை போட்டால் தப்பாகிவிடும். கோடையில் நேர்மாறு. வெயில் படாமல் இருக்கட்டும் என்று வண்டியைத் துணியால் மூடினால் உள்ளே காற்றோட்டம் நின்று அடுப்புபோல் ஆகிவிடும். மழை உறையும் வெயிலில் அப்படித்தான். மேற்கூரையை இறக்கிவிட்டு, பக்கங்களைத் திறந்தே விடுவேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று பிடரியில் கை வைத்துப் பார்ப்பேன். கூரையில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. ஓடிக்கொண்டே அதன் வழியாகப் பார்த்தால் அவளுடைய உச்சிமுடியும், வாத்து தெரிந்தால் நீளும் ஆள்காட்டி விரலும் தெரியும்.

என் வேகம் குறைந்துவிட்டது. 10 கிலோமீட்டருக்கு முன்னைவிட எட்டு நிமிடம் கூடுதலாகிறது, நடுவில் நிற்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஒரு கையால் தள்ளி மறு கையை வீசுவது, 200 எட்டுக்கு ஒருமுறை கை மாற்றுவது என்று உடம்பும் பழகிவிட்டது.

இப்போது அவளுக்கு மூன்று வயது. 15 கிலோ. மார்புப் பூட்டைத் தானே போட்டுக்கொள்கிறாள். நான் விரல் விட்டுப் பார்க்கும்வரை கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பாள். போன சனிக்கிழமை தூறல். மழை வலுப்பதற்குள் ஒரு சுற்று போய் வந்துவிடலாம் என்று சக்கரத்தை இழுத்துப் பார்த்து, குமிழைத் திருகி, கைப்பிடியைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன். கூரை ஜன்னலுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

"அம்மா, வடம் போட்டாச்சா?"

போட்டிருக்கவில்லை. நின்று, போட்டுக்கொண்டேன்.